கெமிக்கல் டேங்கருக்கு சேஃப்டி ஆடிட், 3 வாரம்தான் இருக்கிறது: எங்கிருந்து ஆரம்பிப்பது?

மேட்டூர் ரோடு:

வணக்கமுங்க. சங்ககிரியில் எங்களுக்கு 11 லாரி. அதில் 7 கெமிக்கல் டேங்கர், மீதி சாதா பாடி. டேங்கர்கள் மேட்டூரில் ஏற்றி பவானி வழியாக பெருந்துறை சிப்காட்டுக்கும் திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கும் போகின்றன. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 4 வண்டி, காஸ்டிக் லை (காஸ்டிக் சோடா கரைசல்) 2, ஹைட்ரஜன் பெராக்சைடு 1. முப்பது வருடமாக அப்பா பார்த்தார். போன வருடம் அவருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து நான் பார்க்கிறேன். டிரைவர்கள் எல்லோரும் என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தவர்கள், இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

விஷயம் என்னவென்றால், நாங்கள் லோடு எடுக்கிற கம்பெனியிலிருந்து (பெயர் வேண்டாம்) போன திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. அபாயகரமான சரக்கு ஏற்றுகிற டிரான்ஸ்போர்ட் எல்லாவற்றையும் ஆய்வு செய்யப் போகிறார்களாம், எங்களுக்கு இன்னும் 3 வாரம். இரண்டு பேர் வருவார்கள், ஆபீசில் அரை நாள், வண்டிகளில் அரை நாள். 84 கேள்விகள் கொண்ட பட்டியலும் கூடவே வந்திருக்கிறது. பாதிக்கு எங்களிடம் பதில் இருக்கிறது, எந்த அலமாரியில் என்றுதான் தேட வேண்டும். மீதிப் பாதியில் என்ன கேட்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. தேறவில்லை என்றால் லோடை நிறுத்திவிடுவார்கள், 7 வண்டிக்கும் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.

சேலத்தில் ஒரு கன்சல்டன்ட் 60,000 ரூபாய் கொடுத்தால் ஃபைல் மொத்தத்தையும் தயார் செய்து தருகிறேன் என்கிறார், போன 2 வருடத்து டிரைவர் பயிற்சி ரிஜிஸ்டர் உட்பட. நடக்காத பயிற்சிக்கு ரிஜிஸ்டர். மனசு ஒப்பவில்லை, நேரமும் இல்லை. இதைத் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள், முதலில் எதைக் கையில் எடுப்பது?

எட்டு லாரி:

கொடுத்துவிடுங்க அம்மணி. நான் 2 வருடம் முன்பு அப்படித்தான் செய்தேன். வந்தவர்கள் ஃபைலைப் புரட்டினார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். 60,000 அதிகம், 40,000-க்கு முடித்துக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 3 வாரத்தில் 84 கேள்விக்கும் உண்மையாக வேலை செய்ய வேண்டும் என்றால் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும், அந்த நஷ்டம் யார் தருவார்கள்?

பெருந்துறை சேஃப்டி:

நான் பெருந்துறைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டிரான்ஸ்போர்ட்டை இந்த மாதிரி ஆடிட் செய்கிறவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தயவுசெய்து அந்த ரிஜிஸ்டரை வாங்காதீர்கள்.

பொய் ரிஜிஸ்டரைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. பயிற்சி நடந்ததாக எழுதியிருக்கிற தேதியை எடுப்பேன், அந்த நாளில் எங்கள் கேட்டில் யார் யார் வண்டி எடை போட்டார்கள் என்று பார்ப்பேன். காலை 11 மணிக்குச் சங்ககிரியில் வகுப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட டிரைவர் அதே 11 மணிக்கு எங்கள் எடைமேடையில் நின்றிருப்பார். ஒரு தேதி இப்படி மாட்டினால் போதும், அப்புறம் நீங்கள் காட்டுகிற உண்மையான சான்றிதழைக்கூட நம்ப முடியாது. பயிற்சியே நடத்தவில்லை, இன்ன தேதியிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம் என்று சொல்கிறவருக்கு நான் அவகாசம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொய் ரிஜிஸ்டர் காட்டியவருக்குக் கொடுத்ததில்லை.

இன்னொன்று. நான் முதலில் ஆபீசுக்கே போகமாட்டேன். நேராக வண்டி நிற்கிற இடத்துக்குப் போய் டிரைவரிடம் நாலே கேள்வி கேட்பேன். இதில் என்ன இருக்கிறது? கையில் பட்டால் என்ன செய்வீர்கள்? ஒழுகினால் யாருக்குப் போன் போடுவீர்கள்? ட்ரெம் கார்டு (சரக்கின் அபாயமும் அவசரத்தில் செய்ய வேண்டியதும் எழுதிய அட்டை) எங்கே? இதற்கு 5 நிமிடம்கூட ஆகாது. அந்த 5 நிமிடத்திலேயே அந்த டிரான்ஸ்போர்ட் எப்படி என்று பாதி தெரிந்துவிடும். அதனால் நீங்களும் ஃபைலில் ஆரம்பிக்காதீர்கள், வண்டியிலும் டிரைவரிடமும் ஆரம்பியுங்கள். ஃபைல் என்பது அங்கே இருப்பதை எழுதி வைப்பதுதான்.

84 கேள்வியைப் பார்த்து மலைக்க வேண்டாம். முக்கால்வாசி மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 129 முதல் 137 வரை இருக்கிற விஷயம்தான், கூடவே டிரைவர் தகுதி பற்றிய விதி 9. அனுப்புகிறவர் பொறுப்பு 131, வண்டி முதலாளி பொறுப்பு 132, டிரைவர் பொறுப்பு 133, வண்டியில் எழுதுகிற அவசரத் தகவல் பேனல் 134, டிரைவருக்குச் சொல்லிக்கொடுப்பது 135, விபத்து நடந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 136. இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள், கேள்விகள் தானாகப் பிரிந்துவிடும்.

வள்ளிபுரம் புல்லட்:

சேஃப்டி சார் சொன்னதுதான் சரி. நாங்கள் நாமக்கல்லில் கேஸ் புல்லட் (சமையல் கேஸ் டேங்கர்) ஓட்டுகிறோம், எங்களுக்கு இது வருடா வருடம் நடக்கிறது. உங்களுடையது ஆசிட், சட்டம் கொஞ்சம் வேறு. எங்களுக்கு எக்ஸ்புளோசிவ் லைசென்ஸ் வேண்டும், 5 வருடத்துக்கு ஒருமுறை டேங்குக்கு ஹைட்ரோ டெஸ்ட், சேஃப்டி வால்வு டெஸ்ட் என்று பெசோ (வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கிற மத்திய அமைப்பு) வழியாக நிறைய இருக்கிறது. அது உங்களுக்கு வராது. ஆனால் பேனல், டிரைவர், முதலுதவி, வேகம் இதெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

2025 ஜனவரி 3-ந் தேதி விடிகாலையில் கோவை அவினாசி ரோடு மேம்பாலத்தில் கொச்சியிலிருந்து வந்த 18 டன் புல்லட் கவிழ்ந்தது ஞாபகம் இருக்கும். கேஸ் கசிந்து, சுற்றி இருந்த பள்ளிகளுக்கெல்லாம் லீவு விட்டு, கிரேன் வைத்து நிமிர்த்தி முடிப்பதற்குள் அந்த ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு முழுக்க என் வீட்டில் யாரும் டிவியை அணைக்கவில்லை. 2012-இல் கண்ணூர் பக்கம் சாலாவில் புல்லட் கவிழ்ந்து வெடித்து 20 பேர் போனார்கள், அதைப் பார்த்த டிரைவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஆடிட் என்றால் எனக்கு இந்த இரண்டும்தான் கண்ணில் வரும்.

அம்மணி, நாளைக்குக் காலையில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு வண்டி வண்டியாகப் போங்க. பேனல் மூன்று இடத்தில் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் பின்னாலும். சரக்கின் சரியான பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், யுஎன் எண் (சரக்கை அடையாளம் காட்டுகிற சர்வதேச எண்) 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல், கிளாஸ் லேபிள் (எந்த வகை அபாயம் என்று காட்டுகிற படம்) 250 மில்லிமீட்டர் சதுரம், அதுவும் டைமண்ட் மாதிரி சாய்ந்து நிற்க வேண்டும். அவசர போன் நம்பரும், சரக்கைப் பற்றிக் கேட்டால் சொல்லக்கூடியவர் நம்பரும் 50 மில்லிமீட்டர் எழுத்தில். ஆசிட்டுக்கு 1789, காஸ்டிக் லைக்கு 1824, இரண்டும் கிளாஸ் 8, அதாவது அரிக்கிற சரக்கு. பெராக்சைடு உங்கள் சதவீதம் 20-க்கும் 60-க்கும் நடுவில் என்றால் 2014, கிளாஸ் 5.1 (மற்றதை எரியத் தூண்டுகிற சரக்கு), அரிக்கிற குணத்துக்கு 8 லேபிளும் சேர்த்து.

அப்புறம் அந்தப் பேனலில் இருக்கிற ஒவ்வொரு நம்பருக்கும் நீங்களே போன் போட்டுப் பாருங்க. இதை யாரும் செய்வதில்லை.

மேட்டூர் ரோடு:

எல்லோருக்கும் நன்றிங்க. கன்சல்டன்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்றும் இன்றைக்கும் 5 டேங்கர் பார்த்தேன், 2 லைனில் இருக்கின்றன. பார்த்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

பேனல் 5 வண்டியிலும் இருக்கிறது, 3 வண்டியில் எழுத்து 35 மில்லிமீட்டர்தான். ஒரு வண்டியில் வெயிலடிக்கிற பக்கத்து லேபிள் வெளுத்துப்போய், கையில் சொட்டுகிற அந்தப் படமே தெரியவில்லை, வெறும் சாம்பல் கட்டமாக இருக்கிறது. போன் நம்பர்களுக்குப் போட்டுப் பார்த்தேன். அனுப்புகிற கம்பெனியின் நம்பர் என்று 4 வண்டியில் எழுதியிருந்த லேண்ட்லைன் உபயோகத்தில் இல்லை என்கிறது. எத்தனை வருடமாக அப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. வழியில் ஒரு வண்டி கவிழ்ந்திருந்தால் தீயணைப்புக்காரர் அந்த நம்பருக்குத்தான் போட்டிருப்பார்.

கையுறை, முகக் கவசம், பிவிசி சூட் எல்லாம் 5 வண்டியிலும் இருக்கின்றன. 2 வண்டியில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. ஒரு வண்டியில் டூல் பாக்சுக்குப் பூட்டு, சாவி எங்கள் ஆபீசில். காணாமல் போகிறது என்று அப்பா பூட்டி வைத்திருக்கிறார். கண் கழுவுகிற பாட்டில் மூன்றில் தண்ணீரே இல்லை.

அப்புறம் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்ட இடம் பெராக்சைடு வண்டி. கேபினில் ட்ரெம் கார்டு இருந்தது, லேமினேட் செய்து, சுத்தமாக. எடுத்துப் படித்தால் அது காஸ்டிக் லை கார்டு. வண்டி முன்பு காஸ்டிக் ஓட்டிக்கொண்டிருந்தது, 14 மாதம் முன்பு டேங்க் மாற்றினோம், கார்டை யாரும் மாற்றவில்லை. டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். அவர் சொன்னது, “பாப்பா, அது இங்கிலீசில் இருக்குது, போலீஸ் கேட்டா காட்டுவேன், அவ்வளவுதான்.”

லைசென்ஸ் பார்த்தேன். 9 டிரைவர்களில் 2 பேருக்கு ஹசார்டஸ் என்டார்ஸ்மென்ட் (அபாயச் சரக்கு ஓட்ட லைசென்சில் போடுகிற அனுமதி) முடிந்துவிட்டது. அந்த இரண்டு பேரையும் சாதா பாடி வண்டிக்கு மாற்றிவிட்டேன். புதுப்பிக்கிற வரை டேங்கரில் ஏற்றமாட்டேன். அதனால் ஒரு வண்டி சும்மா நிற்கிறது.

பெருந்துறை சேஃப்டி:

நீங்கள் இப்போது எழுதியதுதான் உங்கள் ஆடிட்டின் பாதி. இதை அப்படியே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன பார்த்தோம், என்ன செய்தோம், எப்போது முடிப்போம். ஆடிட்டர் வந்ததும் முதலில் அந்த நோட்டைக் கொடுங்கள்.

என்டார்ஸ்மென்ட் பற்றி ஒரு வார்த்தை. முன்பு ஒரு வருடம்தான் செல்லும், 2019 சட்டத் திருத்தத்தில் 3 வருடமாக்கினார்கள். அதனாலேயே பலர் மறந்துவிடுகிறார்கள், வருடா வருடம் போகும்போது ஞாபகம் இருந்தது. விதி 9-இன்படி டிரைவருக்கு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், 3 நாள் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். நடைமுறையில் ஆங்கிலக் கார்டைப் படித்துப் புரிந்துகொள்கிற டிரைவரை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் தமிழில் ஒரு கார்டு கூடவே வையுங்கள். ஆங்கிலக் கார்டை எடுத்துவிடாதீர்கள், வண்டி பாலக்காடு தாண்டினால் அதுதான் உதவும்.

கார்டை நீங்கள் எழுத வேண்டியதில்லை. விதி 131-இன்படி சரக்கின் அபாயம் பற்றிய தகவலை எழுத்தில் கொடுக்க வேண்டியது அனுப்புகிற கம்பெனி. அது முழுதாகவும் சரியாகவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது 132-இல் நீங்கள். அதனால் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள், மூன்று சரக்குக்கும். செத்துப்போன லேண்ட்லைன் நம்பரையும் எழுதிக் கேளுங்கள். ஆடிட் செய்ய வருகிறவர்களுக்கும் இதில் கடமை இருக்கிறது.

கொங்கணாபுரத்தான்:

நான் 26 வருடம் ஆசிட் வண்டி ஓட்டி, இப்போது நிறுத்திவிட்டேன். டிரைவர் பக்கத்துப் பேச்சு யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன் கண்ணு.

கையுறையைக் கவர் பிரிக்காமல் வைத்திருப்பதற்கு டிரைவரைக் குறை சொல்லாதே. தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். தொலைந்தால் பிடிக்கமாட்டேன், கிழிந்தால் புதுசு தருவேன் என்று நீ வாயால் சொல்ல வேண்டும், எல்லோர் முன்னாலும். அன்றைக்கே கவர் பிரியும்.

ஒரு முறை மேட்டூரில் ஏற்றிக்கொண்டு நெரிஞ்சிப்பேட்டை தாண்டி அம்மாபேட்டைக்கு முன்னால் வந்துகொண்டிருந்தேன். அந்த ரோடு உனக்குத் தெரியும், ஒரு பக்கம் காவேரி ஒட்டியே வரும். பின்னால் வந்த பைக்காரர் கை காட்டி நிறுத்தினார். பின் வால்வு ஃபிளாஞ்சில் (குழாய் இணைப்பில்) சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது, தார் ரோட்டில் விழுகிற இடமெல்லாம் புகை. நான் செய்த முதல் தப்பு, அவசரத்தில் வெறும் கையோடு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே போனது. இரண்டாவது தப்பு, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காதது. ஒரே மூச்சில் தொண்டை அடைத்துக்கொண்டது, கண் திறக்க முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோட்டாரைப் போட்டு ஹோஸைப் பிடித்து என் முகத்தில் கால் மணி நேரம் தண்ணீர் அடித்தார். அவர் இல்லை என்றால் இந்த எழுத்தை நான் படித்திருக்க முடியாது. பக்கத்தில் வீடு கட்ட வைத்திருந்த சுண்ணாம்பு மூட்டையைக் கொண்டுவந்து சொட்டுகிற இடத்தில் கொட்டினோம், வாய்க்காலுக்குப் போகிற வழியில் மண் போட்டு அணைத்தோம். ஆற்றுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து நிறுத்தும் வரை என் வண்டியில் இரண்டு மூட்டை சுண்ணாம்பும் ஒரு மண்வெட்டியும் இல்லாமல் நான் ஏறியதில்லை. முதலாளி வாங்கித் தரவில்லை, நானே வாங்கினேன்.

டிரைவருக்குப் பேப்பரில் சொல்லிக்கொடுத்தால் ஏறாது. தோளில் இருக்கிற துண்டைத் தூக்கிப் பிடி, அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் போகாதே. இப்படிச் சொல்லு, சாகிற வரை மறக்கமாட்டான்.

தூக்கத்தையும் கேள். இரவு ஏற்றி விடிகாலை திருப்பூரில் இறக்கி அன்றைக்கே திரும்ப ஏற்று என்றால் எந்தக் கார்டும் காப்பாற்றாது. சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று 1961-லிருந்து இருக்கிறது.

வள்ளிபுரம் புல்லட்:

அண்ணன் சொன்ன தூக்கம்தான் எங்கள் தொழிலிலும் பெரிய சண்டை. 2025 மார்ச் கடைசியில் தென் மாநில புல்லட் வண்டிகள் வேலைநிறுத்தத்தில் நின்றபோது, மாற்று டிரைவர் இல்லாவிட்டால் அபராதம் என்ற நிபந்தனையும் ஒரு காரணம். முதலாளியாக எனக்கு அந்த அபராதம் வலிக்கிறது, இருந்தாலும் தொப்பூர் கணவாயில் ஒத்தை ஆளாக இறங்குகிற டிரைவரை நினைத்தால் இரண்டாவது ஆள் வேண்டும் என்றுதான் சொல்வேன்.

அம்மணி, வேகக் கருவியையும் பாருங்க. சாதா லாரிக்கு 80, டேங்கருக்கும் அபாயச் சரக்கு வண்டிக்கும் 60 கிலோமீட்டர். சிலர் எஃப்சி (தகுதிச் சான்று) முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். ஜிபிஎஸ் ரிப்போர்ட் எடுத்து வேகத்தைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். சைலன்சரில் தீப்பொறி வெளியே வராமல் தடுக்கிற ஸ்பார்க் அரெஸ்டரும் பாருங்க.

திருச்செங்கோடு பட்டறை:

டேங்க் வேலை செய்கிறவன், அதனால் டேங்கைப் பற்றி மட்டும். பெராக்சைடு வண்டி முன்பு காஸ்டிக் ஓட்டியது என்று படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேங்க் மாற்றினோம் என்கிறீர்கள், முழு டேங்கா, உள்ளே கழுவினது மட்டுமா? பெராக்சைடுக்கு அலுமினியமோ தகுந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வேண்டும், அதையும் பேசிவேட் (உள்பரப்பு வினை புரியாமல் இருக்க ஆசிட்டால் பதப்படுத்துவது) செய்திருக்க வேண்டும். காஸ்டிக் மிச்சமோ துருவோ கொஞ்சம் இருந்தாலும் பெராக்சைடு சிதைய ஆரம்பிக்கும், சிதைந்தால் சூடும் ஆக்சிஜனும் வரும், அது வெளியே போக வென்ட் திறந்திருக்க வேண்டும். மேலே ஏறி அந்த வென்ட் மூடியைத் தொட்டுப் பாருங்க. தூசி அடைகிறது என்று துணி சுற்றி வைத்திருந்த வண்டியை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆசிட் டேங்க் ரப்பர் லைனிங் என்றால் ஸ்பார்க் டெஸ்ட் (லைனிங்கில் ஓட்டை இருக்கிறதா என்று மின்பொறியால் பார்ப்பது) கடைசியாக எப்போது செய்தீர்கள்? லைனிங்கில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் ஆசிட் இரும்பைத் தின்றுவிடும், வெளியே பெயிண்ட் உப்பிக்கொண்டு நிற்கும்போதுதான் தெரியும். ஃபிளாஞ்சுக்குத் தெறிப்புத் தடுப்பு மூடி போடுங்க, சொட்டினாலும் ஆள் மேல் தெறிக்காது.

சாயப்பட்டறைக்காரர்கள் திரும்பும்போது ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், வெளுக்கிற கரைசல்) ஏற்றிக்கொண்டு வா என்பார்கள். ஆசிட் டேங்கில் ஹைப்போ ஏற்றவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின். எந்த வண்டியில் கடைசியாக என்ன ஏற்றியது, எங்கே கழுவியது என்று ஒரு நோட்டு வையுங்க.

மேட்டூர் ரோடு:

பட்டறை அண்ணா, டேங்கே புதுசுதான், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பில் இருக்கிறது. பேசிவேட் செய்த சான்றிதழ் கட்டியவரிடம் கேட்டிருக்கிறேன். இன்றைக்கே மேலே ஏறிப் பார்த்தோம், வென்டில் துணி இல்லை, ஆனால் குளவி மண் கூடு கட்டியிருக்கிறது. அரை மூடி அடைந்திருந்தது. சுத்தம் செய்துவிட்டோம். நீங்கள் சொல்லாவிட்டால் அங்கே ஏறியிருக்கவே மாட்டோம்.

ஹூஸ்டன் கொங்கு:

பூர்வீகம் ராசிபுரம், இங்கே டெக்சாசில் ஒரு கெமிக்கல் டிரக்கிங் கம்பெனியில் சேஃப்டி வேலை. இங்கே இதை அரசாங்கமே செய்கிறது, எஃப்எம்சிஎஸ்ஏ என்று மத்திய அமைப்பு. ஆய்வு முடிந்தால் திருப்தி, நிபந்தனையோடு, திருப்தியில்லை என்று மூன்று தரம். அபாயச் சரக்கு ஓட்டுகிறவருக்குத் திருப்தியில்லை என்று வந்து 45 நாளில் சரி செய்யாவிட்டால் ஓட்டவே முடியாது.

இங்கிருந்து உங்களுக்குப் பயன்படக்கூடியது இரண்டு. ஒன்று, பயிற்சிப் பதிவேடு. இங்கே அதில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: ஆள் பெயர், பயிற்சி முடித்த தேதி, என்ன பாடம், யார் சொல்லிக்கொடுத்தது, பயிற்சி கொடுத்துச் சோதித்தும் பார்த்தோம் என்ற உறுதி. சோதித்தோம் என்பதுதான் முக்கியம். வகுப்பில் உட்கார்ந்ததற்குக் கையெழுத்து வாங்கினால் மட்டும் இங்கே போதாது. 3 வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும்.

இன்னொன்று, சரக்குப் பேப்பர் எங்கே இருக்க வேண்டும் என்பது. டிரைவர் பெல்ட் போட்டு உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்ட வேண்டும், இறங்கிப் போனால் சீட் மேலோ கதவுப் பையிலோ இருக்க வேண்டும். காரணம், டிரைவர் மயங்கிக் கிடந்தாலும் தீயணைப்புக்காரர் தேடாமல் எடுக்க வேண்டும். ட்ரெம் கார்டை 7 வண்டியிலும் ஒரே இடத்தில் வையுங்கள், டிரைவர் கதவுப் பையில்.

எட்டு லாரி:

எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. டீசல் விலை, டோல், தவணை, வாடகை மட்டும் 3 வருடமாக அதே வாடகை. லைனிங் டெஸ்ட், புது சூட், வண்டியை நிறுத்தி வகுப்பு, எல்லாம் சின்ன முதலாளி தலையில். கம்பெனிக்காரன் ஆடிட் அனுப்புவான், ஒரு ரூபாய் ஏற்றித் தரமாட்டான். இதைக் கேட்க யாரும் இல்லை.

பெருந்துறை சேஃப்டி:

நீங்கள் சொல்வது நியாயம், அதை மறுக்கமாட்டேன். கம்பெனிக்குள் நானும் இதைத்தான் பேசுகிறேன். ஆனால் வாடகைப் பேச்சில் உங்கள் கை ஓங்க வேண்டும் என்றால் இந்தச் செலவை வண்டிவாரியாக எழுதி வையுங்கள். லைனிங் டெஸ்ட் இவ்வளவு, பயிற்சி நாளில் நின்ற வண்டி இத்தனை, பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ் பிரீமியம் இவ்வளவு. கணக்கோடு வருகிற டிரான்ஸ்போர்ட்டருக்கு எங்கள் கொள்முதல் ஆட்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த இன்சூரன்சையும் பாருங்கள் அம்மா, பொதுப் பொறுப்பு காப்பீட்டுச் சட்டம் 1991, வண்டி இன்சூரன்சுக்கு மேல் தனியாக எடுப்பது. கையாளுதல் என்பதில் வண்டியில் கொண்டுபோவதும் சேர்த்திதான்.

மேட்டூர் ரோடு:

ஞாயிற்றுக்கிழமை 7 வண்டியையும் நிறுத்தினேன். டிரைவர் 9 பேர், கிளீனர் 4 பேர், அப்பா நாற்காலி போட்டு வேப்பமரத்தடியில். கொங்கணாபுரத்து ஐயா சொன்னபடி முதலில் சொன்னேன், கையுறை கிழிந்தால் புதுசு, தொலைந்தாலும் பிடிக்கமாட்டேன். யாரும் பேசவில்லை, ஒரு அண்ணன் மட்டும் அப்பாவைப் பார்த்தார். அப்பா, “பாப்பா சொன்னா சொன்னதுதான்” என்றார்.

அப்புறம் கழுவின ஆசிட் டேங்க் ஒன்றில் வெறும் தண்ணீர் நிரப்பி ஃபிளாஞ்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டோம். ஒவ்வொருவராக, ஒழுகுகிறது, என்ன செய்வீர்கள் செய்யுங்கள் என்றேன். முதல் ஆள் நேராக ஸ்பேனரோடு போனார், வெறும் கையில். அடுத்த இரண்டு பேரும் அப்படியே. நாலாவது ஆள்தான் துண்டைத் தூக்கிப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் எல்லோரும் சரியாகச் செய்தார்கள்: காற்று பார்த்து, சூட் போட்டு, ஆட்களைத் தள்ளி நிறுத்தி, போன் போட்டு, அப்புறம்தான் வண்டிப் பக்கம். சூட் போட ஒருவருக்கு முதலில் 6 நிமிடம், கடைசியில் 2 நிமிடம். அதையெல்லாம் பெயரோடும் நேரத்தோடும் எழுதி அவரவர் கையெழுத்து வாங்கினேன். அந்த ஒரு பக்கம்தான் எங்களுடைய பயிற்சி ரிஜிஸ்டர், இரண்டாவது பக்கம் இன்னும் காலி.

சுண்ணாம்பு ஆசிட் வண்டிக்கு மட்டும், மண்வெட்டியும் 20 லிட்டர் தண்ணீர் கேனும் 7 வண்டிக்கும் வாங்கியாகிவிட்டது. தமிழ்க் கார்டு கம்பெனியே மூன்று சரக்குக்கும் அனுப்பிவிட்டார்கள், புது அவசர நம்பரோடு. எழுதிக் கேட்டதும் 2 நாளில் வந்தது.

எட்டு லாரி:

அந்தத் தண்ணீர் டேங்க் யோசனை நன்றாக இருக்கிறதுங்க. எங்கள் ஆட்களுக்கும் செய்கிறேன்.

மேட்டூர் ரோடு:

ஆடிட் நேற்று முடிந்தது. சேஃப்டி சார் சொன்ன மாதிரியே முதலில் வண்டிக்குத்தான் போனார்கள். பெராக்சைடு ஓட்டுகிற அண்ணனிடம் கேட்டார்கள், அவர் கதவுப் பையிலிருந்து தமிழ்க் கார்டை எடுத்துக்கொண்டே பதில் சொன்னார். தண்ணீர் தவிர எதுவும் ஊற்றக்கூடாது, மரத்தூள், கோணிச் சாக்கு பக்கத்தில் போடக்கூடாது, தீப்பிடிக்கும் என்றார். அது கேள்வியிலேயே இல்லை, அவராகச் சொன்னது.

84-இல் 63 சரி, 16-க்கு அவகாசம், 5 இல்லை. அந்த ஐந்தில் ஒன்று பெரியது: ஓர் ஆசிட் வண்டிக்கு லைனிங் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லை, கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் பெயிண்ட் உப்பியிருப்பதை அவர்கள்தான் காட்டினார்கள். டெஸ்ட் முடிகிற வரை அந்த வண்டிக்கு லோடு கிடையாது. மற்ற 6 வண்டிக்கும் லோடு தொடரும், மீதியைச் சரிசெய்ய 45 நாள். பழைய பயிற்சிப் பதிவு கேட்டார்கள், இல்லை, இந்த மாதம்தான் ஆரம்பித்தோம் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

பட்டறை அண்ணா, அந்த வண்டியை வியாழக்கிழமை உங்களிடம் அனுப்பலாமா? 2 வண்டிக்குப் பேனல் இன்னும் எழுத வேண்டும், பவானி பக்கம் அளவு தவறாமல் எழுதுகிற பெயிண்டர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

திருச்செங்கோடு பட்டறை:

வியாழன் காலை 8 மணிக்குள் அனுப்புங்க அம்மணி, டேங்கை நன்றாகக் கழுவி, மேன்ஹோலைத் திறந்து ஒரு நாள் காற்றாட வைத்துவிட்டு அனுப்புங்க. அதைச் செய்யாமல் என் ஆளை உள்ளே இறக்கமாட்டேன். பெயிண்டர் இங்கேயே இருக்கிறார், மற்ற 2 வண்டியையும் கூடவே அனுப்புங்க, எழுதி வாங்கிவிடலாம்.